வாடகைக் கோட்டு வேண்டாம், கத்திரியை எடுங்கள்

கிளாஸ்கோ, எடின்பரோ, அபர்டீன், டண்டீ என்று ஸ்காட்லாந்து ஊர்களுக்குப் படிக்கவும் பிழைக்கவும் வந்து, அங்கே ஆண்கள் இடுப்பில் கட்டும் மடிப்பு உடையான கில்ட்டைக் கட்டிப் பார்க்கும் ஆசையும் வந்துவிட்ட தமிழ் இளைஞர்களுக்கு,

உங்களில் பலருக்கு இந்த வருஷமும் ஏதாவது ஓர் அழைப்பு வந்திருக்கும். கூட வேலை பார்க்கும் நண்பனின் கல்யாணம், பட்டமளிப்பு விழா, நவம்பர் 30 புனித ஆண்ட்ரூ நாள், ஜனவரி 25 அன்று கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பெயரில் நடக்கும் விருந்து. "கில்ட்டில் வந்துவிடு" என்று நண்பன் சொல்லியிருப்பான். நீங்களும் வாடகைக் கடைக்குப் போவீர்கள். இடுப்பளவு, மார்பளவு எடுத்து, நூறு பவுண்டை ஒட்டி ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, நீளப் பை ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். கில்ட், அதன் முன்னால் தொங்கும் ஸ்போரான் பை, முழங்காலுக்குக் கீழ்வரை ஏறும் காலுறை, கணுக்காலில் நாடா சுற்றிக் கட்டும் ஷூ எல்லாம் அதில் இருக்கும். கூடவே ஒரு கறுப்புக் கோட்டும் இருக்கும்.

அந்தக் கோட்டின்மேல்தான் புகார்.

பெரும்பாலும் அது 'பிரின்ஸ் சார்லி' வகை. முன்பக்கம் இடுப்போடு நின்றுவிடும், பின்னால் குட்டையாக வால்போல் இரண்டு துண்டு தொங்கும், உள்ளே வெயிஸ்ட்கோட்டு, கழுத்தில் போ டை. இங்கிலாந்துக்காரர் டின்னர் சூட் போடும் இடத்தில் ஸ்காட்லாந்துக்காரர் போடுவதற்காக வந்த உடை அது. ராத்திரி விருந்துக்கு அதைவிட அழகானது கிடையாது. நீங்களோ காலை பதினொரு மணிக்கு, பட்டமளிப்பு மண்டபத்து வாசலில், வெள்ளி நிறப் பட்டன் வெயிலில் மின்ன அதைப் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறீர்கள். உள்ளூர்க்காரர்களிலும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள், உண்மை. கல்யாண வீடுகளில் அது ஏறக்குறைய சீருடையே ஆகிவிட்டது. ஆனால் உங்கள் தோளுக்கு அரை அங்குலம் வெளியே தொங்கும் தோள்பட்டையையும், உள்ளங்கையில் பாதியை மூடும் கையையும், இஸ்திரி போட்டுப் போட்டுப் பளபளத்துப்போன காலரையும் அந்தப் படம் முப்பது வருஷம் காட்டிக்கொண்டிருக்கும். வாடகைத் துணி யாருடைய உடம்புக்கும் தைத்ததில்லை.

உங்களில் இன்னொரு சாரார் இதற்கு நேர் எதிர். கில்ட்டைத் துணிந்து சொந்தமாக வாங்கிவிடுகிறார்கள். பழையதாகவோ புதிதாகவோ, ஏதோ ஒரு டார்ட்டன் கட்டத் துணியில். கோட்டுக்குக் காசு மிச்சமில்லை. ஆபீஸ் சூட்டின் கோட்டை எடுத்து மேலே மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கண்ணாடியில் ஏதோ இடிக்கிறது என்று தெரிகிறது, என்ன இடிக்கிறது என்று தெரியவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கில்ட் பேன்ட்டைப்போல இடுப்பெலும்பில் உட்காராது. தொப்புளை ஒட்டி, உடம்பின் நிஜ இடுப்பில் கட்டப்படுவது அது. அங்கிருந்து முழங்காலின் நடுவரை, நடுத்தர உயரமுள்ளவருக்குச் சுமார் 24 அங்குலம் இறங்கும். சாதாரணக் கோட்டு காலருக்கடியிலிருந்து 30 அங்குலம் இருக்கும். அதில் 17 அங்குலம் முதுகிலேயே போனாலும், மீதி 13 அங்குலம் கில்ட்டின்மேல் விழுகிறது. எட்டு கஜம் துணியை மடிப்பு மடிப்பாக எண்ணித் தைத்த உடையில் பாதிக்குமேல் மறைந்துபோகிறது. ஸ்போரான் கோட்டுக்குள்ளே ஒளிந்துகொள்கிறது. பின்பக்கத்து பிளீட்டுகள் கோட்டின் அடிப்பகுதியை வெளியே தள்ள, அது கூடாரம்போல் விரிந்து நிற்கிறது. கால் குட்டையாகத் தெரிகிறது. நம்மூரில் ஒரு காலத்து வக்கீல்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் பஞ்சகச்சத்தின்மேல் நீளக் கோட்டுப் போட்டார்கள், கம்பீரமாகத்தான் இருந்தது. பஞ்சகச்சம் கணுக்கால்வரை இறங்குகிறது, பின்னால் இத்தனை கனமான மடிப்பும் கிடையாது, அதனால் நீளக் கோட்டைத் தாங்கியது. கில்ட் தாங்காது.

ஆகவே கில்ட்டுக்கு வேண்டியது குட்டைக் கோட்டு. அடி ஓரம் நாலைந்து அங்குலம் மேலே, முன்பக்கத்துக் கீழ்மூலைகள் இரண்டும் வளைந்து விலகி ஸ்போரானுக்கு வழிவிட வேண்டும். அவ்வளவுதான் ரகசியம். இதைக் கடையில் புதிதாக வாங்கலாம்: கைமுனையில் மூன்று பட்டன் வைத்த அகலமான பட்டையும் தோளில் நாடாவும் உள்ளது 'ஆர்கைல்', அலங்காரம் ஏதும் இல்லாமல் சாதாரணக் கையோடு வருவது 'கிரெயில்'. அந்தக் கிரெயிலை, சாரிட்டி கடையில் வாங்கிய ஒரு பழைய ட்வீட் கோட்டிலிருந்து, வீட்டு மேஜையில், உங்கள் கையாலேயே செய்துகொள்ள முடியும் என்று சொல்லத்தான் இத்தனை பீடிகை.

இது ஒன்றும் புதுசாகக் கண்டுபிடித்த குறுக்குவழி இல்லை. எடின்பரோவில் ஸ்காட்டிஷ் தேசிய உருவப்படக் கூடத்துக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே ஜான் மைக்கேல் ரைட் 17ஆம் நூற்றாண்டில் வரைந்த மங்கோ மரே பிரபுவின் படம் இருக்கிறது. இடுப்பில் பெல்ட்டால் கட்டிய பெரிய கம்பளித் துணி, மேலே குட்டைச் சட்டை. துணி இடுப்பில் குவிவதால் மேலாடை குட்டையாகத்தான் இருந்தாக வேண்டும். அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் கணக்கு மாறவில்லை. முதல் உலகப்போரில் கில்ட் கட்டிய ஹைலண்ட் படைவீரர்களின் புகைப்படங்களையும் பாருங்கள். மற்றக் காலாட்படைக்காரன் போட்ட அதே காக்கிச் சட்டைதான், முன்பக்கத்துக் கீழ்மூலைகளை மட்டும் வளைத்து வெட்டியிருப்பார்கள். ஊருக்கெல்லாம் பொதுவான ஒரு சட்டையைக் கில்ட்டுக்கு ஏற்றபடி வெட்டிக்கொள்வது ராணுவத்துக்கே சரிப்பட்டிருக்கிறது. உங்களுக்கு என்ன தயக்கம்?

தயக்கம் எதில் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது.

முதலாவது, அம்மா. "யாரோ போட்ட துணியா? செத்தவன் கோட்டா இருந்தா?" என்று தொலைபேசியில் கேட்பார். அந்தக் கேள்வியை உங்களில் பலர் மனசுக்குள்ளேயே கேட்டுக்கொண்டு சாரிட்டி கடை வாசலோடு திரும்பிவிடுகிறீர்கள். நியாயமான அருவருப்புதான், அதைக் கேலி செய்வதற்கில்லை. ஆனால் வாடகைக் கோட்டை யார் போட்டது? போன சனிக்கிழமை ஒருவர், அதற்கு முந்தின சனிக்கிழமை இன்னொருவர். எத்தனை பேர் வியர்வை அதன் அக்குளில் ஊறியது என்று கணக்குச் சொல்ல யாரால் முடியும்? அந்தப் பக்கம் காட்டாத கூச்சத்தை இந்தப் பக்கம் மட்டும் காட்டுவது சரியில்லை. பழைய கோட்டை டிரைகிளீனிங் கொடுத்து, லைனிங்கைப் பிரித்து, வெட்டித் தைத்து முடிக்கும்போது அதன் ஒவ்வொரு அங்குலமும் உங்கள் கைபட்டதாக இருக்கும். வேண்டுமானால் லைனிங்கையே புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவிடம் சொல்ல அதுவே போதும்.

இரண்டாவது, "இது அவர்கள் உடை, நாம் கை வைக்கலாமா?" கில்ட் கட்டவே உங்களுக்கு உரிமை உண்டா என்ற சந்தேகம் இதற்குள் ஒளிந்திருக்கிறது. எந்த டார்ட்டனை யார் கட்டலாம் என்று தடுக்கிற சட்டம் எதுவும் இல்லை. 2008இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டப்படி டார்ட்டன்களுக்கு ஒரு பதிவேடு இருக்கிறது, பதிவு மட்டும்தான் அதன் வேலை. கிளாஸ்கோவுக்கும் எடின்பரோவுக்கும் டண்டீக்கும் ஊர் டார்ட்டன்களே உண்டு. அங்கே குடியிருக்கிற நீங்கள் அதைக் கட்டினால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. சீக்கியர்கள் 1999இலேயே 'சிங் டார்ட்டன்' கொண்டுவந்துவிட்டார்கள்.

உடையின் தூய்மை பற்றிப் பேசுகிறவர்களுக்கு அதன் சரித்திரத்தையும் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 1746இல் இயற்றிய சட்டம் ஹைலண்ட் உடையைத் தடைசெய்தது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, மறுபடி பிடிபட்டால் ஏழு வருஷம் நாடு கடத்தல். ராணுவத்துக்கு மட்டும் விலக்கு. 1782இல்தான் அதை நீக்கினார்கள். அதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிட்டது. பிறகு 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தார். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய அந்தக் கோலாகலத்தில் மன்னருக்கு ஹைலண்ட் உடை தைத்த செலவு 1,354 பவுண்டு 18 ஷில்லிங். அந்தக் காலத்துக்கு அது அசுரத் தொகை. குட்டைக் கில்ட்டுக்கு அடியில் தோல் நிறத்தில் இறுக்கமான காலாடை வேறு போட்டுக்கொண்டார். ஓவியர் டேவிட் வில்கி மன்னரைப் படம் வரைந்தபோது அதை நாசூக்காக மறைத்துவிட்டார். மாடு மேய்க்கிறவரும் மலையேறுகிறவரும் கட்டிய துணி 'முழு செட்' ஆனதில் அந்த விஜயத்துக்குப் பெரும்பங்கு உண்டு. இன்றைக்கு வாடகைக் கடை உங்கள் கையில் கொடுக்கிற நீளப் பை அந்த வழியில் வந்தது. கில்ட் அதற்கு முன்பிருந்தே அன்றாட உடை. அன்றாட உடையை வெட்டலாம், ஒட்டலாம், கிழிந்தால் தைக்கலாம். சார்லஸ் மன்னரே ஒட்டுப்போட்ட கோட்டோடு வெளியே வருபவர். செப்டம்பர் முதல் சனிக்கிழமையில் பிரேமார் விளையாட்டுப் போட்டிக்கு வரும்போது அவர் கில்ட்டின்மேல் போடுவதும் ட்வீட் கோட்டுதான்.

மூன்றாவது எதிர்ப்பு ஸ்காட்லாந்துக்காரர்களிடமிருந்தே வரும். "ஹாரிஸ் ட்வீடை வெட்டுவதா!" இதற்கு மட்டும் கொஞ்சம் தலைவணங்க வேண்டும். வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில், அங்கேயே சாயமேற்றி அங்கேயே நூற்ற கம்பளி நூலை, தீவுக்காரர்கள் தங்கள் வீட்டுத் தறியில் நெய்தால்தான் அதற்கு அந்தப் பெயர். 1993இல் அதற்கென்றே நாடாளுமன்றச் சட்டம் வந்தது. உள்பாக்கெட்டுக்குப் பக்கத்தில் உருண்டையும் சிலுவையும் போட்ட முத்திரை லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த லேபிளுள்ள கோட்டு பழுதில்லாமல், நல்ல தையலில், ஐம்பது அறுபது வருஷப் பழையதாக இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள், பேன்ட்டோடு போட யாராவது வருவார்கள். அடி ஓரம் நைந்தது, கீழ்ப் பாக்கெட் கிழிந்தது, லைனிங் தொங்குவது என்று மூலையில் கிடக்கிற கோட்டு உங்களுக்கு. எப்படியும் வெட்டி எறியப்போகிற பகுதியில் ஓட்டை இருந்தால் நமக்கென்ன? விலையும் குறையும்.

இனி வேலைக்கு வருவோம். கிளாஸ்கோவில் பைர்ஸ் ரோடு, எடின்பரோவில் ஸ்டாக்பிரிட்ஜ், இங்கெல்லாம் சாரிட்டி கடைகள் வரிசையாக இருக்கின்றன. உள்ளே போனதும் நிறத்தைப் பார்க்காதீர்கள், தோளைப் பாருங்கள். தோள் சரியாக உட்காராத கோட்டை வீட்டில் யாராலும் சரிசெய்ய முடியாது. தேர்ந்த கட்டிங் மாஸ்டரே கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். மார்பில் பட்டன் இழுக்காமல் பூட்ட வேண்டும். கை நீளமாக இருந்தால் கவலை வேண்டாம். ஒற்றை வரிசைப் பட்டன் வேண்டும், இரட்டை வரிசை வேண்டாம். மேல் பட்டன் உங்கள் நிஜ இடுப்புக்கு அருகில் விழ வேண்டும். பட்டன் தொப்புளுக்கு வெகு கீழே பூட்டுகிற கோட்டு என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும், திருப்பி மாட்டிவிடுங்கள். பின்னால் நடுவில் பிளவுள்ளதைவிட இரண்டு பக்கமும் பிளவுள்ளது நல்லது, பிளீட்டுகளுக்கு இடம் கிடைக்கும். கீழ்ப் பாக்கெட் உள்ளே போகும் வகையாக இருக்கட்டும். மேலே ஒட்டித் தைத்த பாக்கெட்டைப் பிரித்தால் அடியில் துணி வேறு நிறத்தில் பளிச்சென்று தெரியும். நிறம் என்று பார்த்தால் சாம்பல், பாசிப் பச்சை, மரக்கட்டை நிறம் மூன்றும் அனேகமாக எந்த டார்ட்டனோடும் போகும். மெல்லிய கோடு போட்ட ஆபீஸ் கோட்டு எப்படி வெட்டினாலும் ஆபீஸ் கோட்டாகவேதான் இருக்கும்.

கடையிலேயே வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை ஓட்டைகள் தெரிந்தால் பூச்சி அரித்திருக்கிறது. காலருக்கு அடியிலும் அக்குளிலும்தான் புழு உட்காரும். ஓரிரண்டு ஓட்டை பொருட்டில்லை. ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பிளாஸ்டிக் பையில் இறுக்கக் கட்டி இரண்டு வாரம் ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் கோட்டு இருப்பதைப் பார்த்து அறைத்தோழன் சிரிப்பான். சிரிக்கட்டும். அவனுடைய கம்பளிச் சட்டையையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறீர்கள்.

அளவு குறிக்கும் நாளில் உங்களுக்கு ஓர் ஆள் துணை வேண்டும். தனியாகக் குறித்தால் குனிந்து நிமிர்ந்து கோடு கோணிப்போகும். கில்ட், சட்டை, ஸ்போரான், ஷூ, போகிற இடத்துக்குப் போடுகிற எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நில்லுங்கள். பின்னால் பிளீட்டுகளைச் சேர்த்துத் தைத்த பகுதி முடிந்து, மடிப்புகள் விரியத் தொடங்கும் இடம் ஒன்று இருக்கும். கோட்டு அந்த இடத்தை ஒட்டி முடிய வேண்டும். பெரும்பாலும் இப்போதிருக்கும் ஓரத்திலிருந்து 4 முதல் 6 அங்குலம் மேலே வரும். துணை ஆள் தரையிலிருந்து ஸ்கேல் வைத்து, சுற்றிலும் ஒரே உயரத்தில் சாக்கால் புள்ளி வைக்கட்டும். பிறகு அந்தப் புள்ளிகள் நெடுக மடித்து, ஊசி குத்தி, அப்படியே நடந்து பாருங்கள், உட்கார்ந்து பாருங்கள், கையைத் தூக்கிப் பாருங்கள். ஒரு ராத்திரி அப்படியே தொங்கவிட்டு மறுநாள் காலையில் மறுபடி போட்டுப் பார்த்தபிறகுதான் கத்திரியைத் தொட வேண்டும். வெட்டும்போதும் சாக்குக் குறிக்குக் கீழே ஒன்றரை அங்குலம் மடிப்புக்கு விட்டு வெட்டுங்கள். நீளமாக விட்டதை நாளைக்கு வெட்டலாம், குட்டையாக வெட்டியதற்கு மருந்து கிடையாது.

வெட்டும் முன் லைனிங்கை அடி ஓரத்திலிருந்து பிரித்துவிடுங்கள். பிரித்ததும் உள்ளே பாக்கெட் பை நாக்கு மாதிரித் தொங்குவதைப் பார்ப்பீர்கள். கோட்டின் புது ஓரத்துக்கும் கீழே அது எட்டிப்பார்க்கும். பயந்துவிடாதீர்கள். புது ஓரத்துக்கு ஒன்றரை அங்குலம் மேலே பையின் குறுக்கே இரண்டு தையல் ஓட்டி, மிச்சத்தை வெட்டிவிட்டால் போதும். பாக்கெட் ஆழம் குறையும், போன் வைக்க முடியாது. வைக்கக் கூடாது என்பது வேறு விஷயம், ஸ்போரான் எதற்கு இருக்கிறது?

ட்வீட் வெட்டியவுடன் பிரிய ஆரம்பித்துவிடும். வெட்டிய ஓரத்தில் உடனே ஒரு ஜிக்ஜாக் தையல் ஓட்டிவிடுங்கள், ஓவர்லாக் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டு மெஷினில் 16ஆம் நம்பர் ஊசி போடுங்கள். துணி நாலு மடிப்பாகச் சேரும் இடத்தில் மோட்டாரை நம்பாமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

உண்மையான வேலை முன்பக்க வளைவில்தான் இருக்கிறது. பிஸ்கட் டப்பா அட்டை ஒன்றை எடுத்து வளைவை அதில் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். மேல் பட்டனுக்கு ஒன்றரை அங்குலம் கீழே தொடங்கி, மெல்ல விலகி, பாக்கெட்டின் முன்முனைக்கு நேர்கீழே அடி ஓரத்தைத் தொட வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் அதே அட்டை. கண்ணளவில் வரைந்தால் ஒரு பக்கம் முட்டை, மறுபக்கம் மாங்காய் என்று ஆகிவிடும். இரண்டு பட்டன் கோட்டானால் கீழ்க் காஜா முழுவதும் கழிவில் போய்விடும்படி வளைவை அமைத்துக்கொள்ளுங்கள். பாதிக் காஜா மிஞ்சினால் அதை மறைக்க வழியில்லை, ட்வீடில் எந்த ரஃபுக்காரர் வந்தாலும் தழும்பு தெரியும்.

அட்டையை வைத்துச் சாக்கால் கோடு போட்டபிறகு முன் ஓரத்து உள்பட்டையைப் பட்டன்வரை பிரியுங்கள். இங்கேதான் ஒரு சிக்கல் காத்திருக்கும். உள்பட்டை மூன்று நாலு அங்குல அகலம்தான் இருக்கும். வளைவு அதைத் தாண்டி உள்ளே போகும்போது அடி ஓரத்துப் பக்கம் பட்டை போதாது, லைனிங் வெளியே தெரியும். அடியிலிருந்து வெட்டிய துண்டுகளை நீங்கள் குப்பையில் போடாமல் வைத்திருந்தால் இந்த இடத்தில் கைகொடுக்கும். அதே துணி, அதே நெசவு. வேண்டிய அகலத்துக்கு ஒரு துண்டை ஒட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு நல்ல பக்கங்களை முகத்தோடு முகம் வைத்து, முதலில் கையால் ஓட்டுத் தையல் போட்டு, அதன்மேல் மெஷின் தையல். ஓரத்தில் கால் அங்குலம் மட்டும் விட்டு வெட்டி, வளைவு நெடுக 'V' வடிவில் சின்னச் சின்னக் கொத்துகள் கொத்தி, புரட்டுங்கள். கொத்தாமல் புரட்டினால் வளைவு உருண்டு வராது, மூலை மூலையாக முட்டிக்கொண்டு நிற்கும்.

புரட்டியதும் இஸ்திரி. கம்பளியின்மேல் இரும்பை நேராக வைக்கவே கூடாது. ஈரத் துணி போட்டு, ஆவி போகும்வரை அழுத்தி, தூக்கி, அடுத்த இடம். அந்த ஈரத் துணிக்குப் பழைய எட்டு முழ வேட்டியின் கிழிசலைவிடச் சிறந்தது வேறில்லை. பெட்டியில் ஒன்றாவது கொண்டுவந்திருப்பீர்கள். கடைசியில் லைனிங்கை, ஓரத்துக்கு அரை அங்குலம் மேலே, சற்றுத் தளர்வாக மடித்துக் கையால் எம்மிங் செய்யுங்கள். இழுத்துத் தைத்தால் கோட்டின் அடி ஓரம் உள்ளே சுருட்டிக்கொள்ளும்.

கைமுனையை நீளத்துக்கு ஏற்ப மடித்தால் கிரெயில் முடிந்தது. ஆர்கைல்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் மிச்சத் துண்டில் கைப்பட்டையும் வெட்டித் தைக்கலாம். முதல் கோட்டுக்கு அந்த ஆசை வேண்டாம் என்பது இந்த மடலின் கருத்து. பிளாஸ்டிக் பட்டன்களை மட்டும் கழற்றிவிட்டு மான்கொம்புப் பட்டன் வைத்துவிடுங்கள். ட்வீட் கோட்டுக்கு இங்கே வழக்கமாக வைப்பது அதுதான், அந்த ஒரு மாற்றத்திலேயே கோட்டின் முகம் மாறிவிடும்.

இத்தனையும் இரண்டு வாரக் கடைசிகளில் முடிகிற வேலை. ஒன்று கெட்டுப்போனாலும் நஷ்டம் இருபது முப்பது பவுண்டுதான், வாடகையில் மூன்றில் ஒரு பங்குக்குள். நன்றாக வந்துவிட்டால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒவ்வொரு ஜனவரிக்கும் அது உங்களோடு வரும்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். உங்களில் பலர் வளர்ந்த வீட்டில் தையல் மெஷின் இருந்தது. தீபாவளிச் சட்டையில் உள்மடிப்பு விட்டுத் தைத்து அடுத்த வருஷம் பிரித்து நீட்டிக்கொண்டவர்கள் நீங்கள், அண்ணன் பேன்ட்டை ஆல்ட்டர் செய்து போட்டவர்கள். அக்காவுக்கும் தங்கைக்கும் மெஷின் ஓட்டக் கற்றுக்கொடுத்த வீடு உங்களுக்குக் கற்றுக்கொடுக்காமல் விட்டது, ஆண்பிள்ளைக்கு எதற்கு என்று. இங்கே வந்தபிறகும் ஒரு பட்டன் அறுந்தால் கூடப்படிக்கிற பெண்ணிடம் நீட்டுகிறீர்கள். கில்ட் கட்டத் துணிந்த ஆளுக்கு ஊசியில் நூல் கோக்கக் கூச்சம் என்றால் என்ன சொல்வது? கோட்டை வெட்டச் சொல்லி மனைவியிடமோ தோழியிடமோ கொடுத்துவிட்டு நண்பர்களிடம் "நானே செய்தது" என்று சொல்லாதீர்கள். நீங்களே செய்யுங்கள். குறிக்க மட்டும் கூப்பிடுங்கள்.

அடுத்த பர்ன்ஸ் விருந்து ஜனவரி 25. வாடகைக் கடைக்கு முன்பணம் கட்டும் முன் இந்தச் சனிக்கிழமை ஒரு சாரிட்டி கடைக்குள் போய், தோள் சரியாக இருக்கிற ஒரு ட்வீட் கோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கம் கூடுகிற மண்டபத்தில் மூலையில் ஒரு தையல் மெஷினும் இஸ்திரிப் பெட்டியும் வைக்கச் செயலாளரிடம் கேளுங்கள். நாலு பேர் சேர்ந்தால் ஒருவர் நிற்க இன்னொருவர் குறிக்கலாம். வளைவு வெட்டிய அட்டையைத் தூக்கி எறியாமல், உங்கள் மார்பளவை அதன்மேல் எழுதி, அடுத்த வருஷம் வரப்போகிற தம்பிகளுக்காக அந்த மெஷின் பெட்டிக்குள் போட்டு வையுங்கள்.